துணைக்கு வந்த ஆள்

"படகுல ஒரு ஆம்பள படுத்திருக்கான்" என்றது பாத்தே தீவிலிருந்து வந்த போன்.

ஸ்வாலே வாயில் இருந்த கசப்புக் காப்பியை அப்படியே விழுங்கினார். லாமு படகுத்துறைக் காப்பிக் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கட்டும் என்று, "இன்னொரு தடவை சொல்லு, சத்தமா" என்றார். போனில் இருந்த சகலையும் சளைக்காமல் இன்னொரு தடவை சொன்னார். தலையில் பச்சைத் தொப்பி, முகம்வரை இழுத்துப் போர்த்திய கைலி, அசையாத உடம்பு. சுக்கானைப் பிடித்திருந்தது மட்டும் ஸ்வாலேவின் சகோதரி மகள் தீமாதான்.

"பச்சைத் தொப்பியா? அது என் தொப்பிப்பா!" என்று ஸ்வாலே தொடையில் தட்டிக்கொண்டார்.

விஷயம் இதுதான். அந்தச் சின்னப் படகு தீமாவின் அப்பாவுடையது. அவர் போன பிறகு ஏழு வருடமாகத் தாய்மாமன் ஸ்வாலேதான் அதில் கல் ஏற்றிப் பிழைக்கிறார். இப்போது முப்பது வயதில் அந்தப் பெண் வந்து, அப்பா படகைக் கொடுங்கள், தீவுகளுக்கு நானே ஆள் ஏற்றி ஓட்டுகிறேன் என்று நிற்கிறாள். கொடுக்கவும் மனமில்லை, மறுக்கவும் வாயில்லை. அதனால் ஒரு நிபந்தனை போட்டார். மண்டா, பாத்தே, ந்தாவ், கிவாயு என்று நாலு தீவிலும் கரையேறிவிட்டு, ஐந்து நாளில் தன்னந்தனியாகத் திரும்பி வர வேண்டும். வந்தால் பாய்க்கயிறு கைமாறும், படகு அவளுக்கு.

போட்டுவிட்டு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். படகோட்டுவதில் தீமா அப்பனையே மிஞ்சுவாள், அது அவருக்குத் தெரியும். ஆனால் இந்தத் தீவுகளில் தனியாகப் படகில் வந்த பெண்ணை எந்த ஊராவது தனியாகத் திருப்பி அனுப்புமா? அங்கங்கே இருக்கும் சொந்தத்தில் அண்ணனோ மச்சானோ ஒருத்தன் துணைக்கு ஏறி உட்கார்ந்துவிடுவான். வேண்டாம் என்றால் குடும்பமே கோபித்துக்கொள்ளும்.

வழிக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, நாலு கோணிப்பையும் வெயிலுக்கு உங்கள் பழைய தொப்பியும் போதும் மாமா என்றாள். அதையும் தாராளமாகக் கொடுத்து அனுப்பினார். இரண்டாம் நாளே ஆள் ஏறியாயிற்று.

"யாருன்னு கேட்டீங்களா?" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கூபி. அவர் தீமாவின் அப்பாவோடு கடலுக்குப் போனவர். அவளை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

மறுநாள் ந்தாவிலிருந்து அதற்குப் பதில் வந்தது. அங்கே இருந்த மச்சான் தன் மகனைத் துணைக்கு அனுப்பத் துணிமணியோடு கரைக்கே கூட்டி வந்துவிட்டாராம். தீமா படகைக் காட்டி, ஏற்கெனவே ஆள் இருக்கிறார், மாமா கொடுத்து அனுப்பியது என்றாளாம். நீங்களே ஆள் அனுப்பியிருப்பதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று மச்சானுக்கு மனத்தாங்கல்.

"நானா அனுப்பினேன்? என் தொப்பிய எவனுக்கோ மாட்டிவிட்டு என் பேரையும் சொல்றாளா?" ஸ்வாலேவுக்குக் காது சிவந்துவிட்டது.

கிவாயுவில் அத்தை இரண்டு பேருக்குத் தேங்காய்ப்பால் சோறும் மீனும் கொண்டுபோனாள். அவருக்கு வயிறு சரியில்லை, எழுப்பாதீங்க என்று சொல்லி இரண்டு பங்கையும் தீமாவே சாப்பிட்டாளாம். அத்தைக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகவில்லை.

"சரியான சோம்பேறி. ஒரு கயிறு பிடிக்கல. காத்து எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாப் பாத்துப் படுத்துக்கறான். தென்றல் வாங்குறாராம், தொரை!" என்று போனில் பொரிந்தாள்.

கடையே சிரித்தது. ஸ்வாலேவும் சிரித்தார். ஆனால் அன்று வீட்டுக்கு நடந்தபோது அவருக்கு ஏனோ கஷ்டமாக இருந்தது. தூக்கி வளர்த்த பிள்ளை. தோற்றாலும் நேர்மையாகத் தோற்றிருக்கலாமே.

ஐந்தாம் நாள் காலையில் பாய் தெரிந்தது. காப்பிக் கடை மொத்தமும் எழுந்து துறைக்கு வந்தது. ஸ்வாலே எல்லோர் முன்னாலும் சத்தியமே செய்தார்: தீமா தனியாக வந்திருந்தால் பாய்க்கயிற்றை என் கையாலேயே அவள் கையில் கொடுப்பேன். கூபி கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படகு எதிர்க்காற்றில் வளைந்து வளைந்து வந்தது. ஒவ்வொரு வளைவுக்கும், படகு சாயாமல் இருக்க, தீமா எழுந்துபோய், படுத்திருந்தவனை இரண்டு கையாலும் இழுத்து எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டு வந்து சுக்கானைப் பிடித்தாள். உருட்டிவிட்டாலும் எழுந்திருக்காத தூக்கம். வெயிலில் கறுத்து, உப்புப் பூத்த முகத்தோடு, சிரித்துக்கொண்டே படகை அழகாகத் துறையில் அணைத்தாள்.

ஸ்வாலே கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார்.

"யாருடா அது? எந்திரிச்சு மூஞ்சியக் காட்டு."

பச்சைத் தொப்பி அசையவில்லை.

"ஏய், உன்னத்தான். எறங்குடா கீழ."

தீமா பாயைச் சுருட்டி முடித்தாள். பாய்க்கயிற்றை மாமா கையில் வைத்துவிட்டு, அதைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினாள்.

"அவரா எறங்க மாட்டார் மாமா, நாலு கோணியிலும் மணலு, மண்வெட்டி எடுத்துட்டு வாங்க."