மீன்கொத்தியின் இன்டர்வியூ

மாணவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்கும் மைனா டீச்சருக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. இன்டர்வியூவில் எப்படிப் பேசுவதென்று மூன்று மாதமாகத் தொண்டை கிழியச் சொல்லிக் கொடுத்திருந்தாள். இன்று மீன் கம்பெனி முதலாளி நீர்நாயே ஆற்றங்கரைக்கு வந்திருந்தார்.

"உன்னைப் பத்திச் சொல்லுப்பா" என்றார்.

மீன்கொத்தி தண்ணீருக்குள் பாய்ந்து, வாய் நிறையக் கெண்டை மீனோடு வந்து உட்கார்ந்தது.

"வாயைத் திறந்து பேசித் தொலையேண்டா!" மைனா தலையிலடித்துக்கொண்டாள். "மன்னிச்சிடுங்க சார். அடுத்து ஒரு தவளை இருக்கு, அருமையாப் பேசும்."

"ஐயோ, வேண்டாம்மா!" நீர்நாய் கையெடுத்துக் கும்பிட்டார். "போன வருஷம் நீங்க அனுப்பின நாற்பது தவளையும் இன்னும் தங்களைப் பத்தித்தான் சொல்லிக்கிட்டிருக்கு."