கண்ணாடி அறைக்கு வந்தவள்

அந்தத் தையல் கம்பெனியில் அவள்தான் மனித உரிமை அதிகாரி. தொழிலாளர்கள் பயமில்லாமல் வந்து புகார் சொல்லவென்று அவளுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். சுற்றிலும் கண்ணாடி, நேர் எதிரே மேனேஜர் அறை. அப்புறம் எந்த மகராசி வந்து உட்காருவாள்? சேர்ந்த நாளிலிருந்து ஈ, காக்கைகூட எட்டிப் பார்த்ததில்லை.

கேன்டீனில் அவள் தட்டோடு போனால் மேசையே காலியாகிவிடும். அவளோடு பேசினாலே புகார் சொன்னதாகப் பேராகிவிடும் என்ற பயம்.

இன்று கதவு திறந்தது. காலர் தைக்கும் அக்கா உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

அதிகாரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"சொல்லுங்கக்கா! எதுவா இருந்தாலும் வெளிய போகாது."

"அது கெடக்கட்டும். ஏம்மா இப்படி எளைச்சுப் போயிட்டீங்க? ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

அவ்வளவுதான், மடை திறந்தது. தனியாகச் சாப்பிடுவது, நாள் முழுக்க வாயே திறக்காமல் வீடு திரும்புவது, அங்கேயும் யாரும் இல்லாதது என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அக்கா 'உச்' கொட்டிக் கேட்டாள். கண்ணாடிக்கு வெளியே மேனேஜரோடு நின்ற கோட்டுக்காரர்கள் இருவர், திருப்தியாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்கள்.

அக்கா சட்டென்று எழுந்தாள். "போயிட்டாங்க. நான் கெளம்பறேம்மா."

"உங்க புகார்?"

"எனக்கென்ன புகார்? ஆர்டர் குடுக்கற கம்பெனிக்காரங்க பாக்க வராங்க, அவங்க போறவரைக்கும் யாராவது உங்ககிட்ட பேசிட்டிருக்கணும்னு சூப்பர்வைசர்தான் அனுப்பினாரு."

அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா... அவங்க மறுபடி எப்ப வருவாங்க?"