கோபம் இல்லாத கழுத்துப்பட்டை

தொண்டைப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து அறுவை சிகிச்சை செய்துவிட்டார்கள். என் கணவர் ஞானதுரைக்கு மிஞ்சியது காற்று கலந்த கரகரப்புதான். மருத்துவமனையில் ஒரு கழுத்துப்பட்டை கொடுத்தார்கள். அவர் வாயசைத்தால் அது அவருடைய பழைய குரலில் பேசும். அந்தக் குரலை எங்கள் மகளின் கல்யாண வீடியோவிலிருந்து எடுத்திருந்தார்கள்.

வினையே அங்கேதான். மகள் கல்யாணத்தில் எந்த அப்பா கோபப்படுவார்? எதைச் சொன்னாலும் பட்டை, "வாங்க, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்கிற குழைவிலேயே சொன்னது. முப்பது வருஷம் என்னோடு மல்லுக்கட்டிய மனிதரோடு ஆறு மாதமாக ஒரு சண்டைகூட இல்லை. பட்டை இல்லாமல் சொந்தக் குரலில் தினமும் பேசிப் பழகச் சொன்னார், மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண். இவருக்கு வெட்கம்.

நேற்றுக் காலை அவருடைய குறுக்கெழுத்துக் கட்டங்களை நான் நிரப்பிவிட்டேன். பார்த்ததும் அவருக்கு மூக்கு விடைத்தது.

"உன்னைய யாரு எழுதச் சொன்னா?" என்று பட்டை தேனொழுகக் கேட்டது.

"திட்டுறீங்களா, பந்திக்குக் கூப்பிடுறீங்களா?" என்று சிரித்துவிட்டேன்.

பட்டையைக் கழற்றி மேசையில் எறிந்தார்.

"ஏட்டி... எம் பேப்பர்ல... கை வைக்காதன்னு... எத்தன தடவ சொல்லிருக்கேன்? அதுவும்... அத்தனையும் தப்பு!"

உடைந்த குரல்தான். ஆனால் ஒரு சொல்கூட எனக்குத் தப்பவில்லை. அவரே திகைத்துப்போய்த் தொண்டையைத் தடவிப் பார்த்தார்.

"இன்னும் திட்டுங்க" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

இன்று பேப்பர் வந்ததும் பேனாவை எடுத்தேன். ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்துப் பார்த்துத் தப்பாக நிரப்பி வைத்திருக்கிறேன்.