தோள் பட்ட இடம்

பாய்மரப் படகு கரையில், பக்கவாட்டில் திருகி இறுக்கிய நாலு இரும்பு முட்டுகளின் துணையில் நின்றது. அடிப்பாகத்தில் சிப்பி ஒட்டாமலிருக்கச் சவேரியான் சிவப்பு நச்சுப் பெயிண்டைப் பூசி முடித்திருந்தார். முட்டுகள் அழுந்திய இடங்களை மட்டும் எப்போதும்போல் விட்டுவிட்டார். சிப்பிகளும் எப்போதும் அங்கேதான் கொத்தாக ஏறின.

"ஒவ்வொரு முட்டா எடுத்துட்டுப் பூசலாம். மத்ததெல்லாம் தாங்கும்," என்றாள் மனைவி ஜெசிந்தா.

"தாங்கலைன்னா? நமக்குச் சோறு போடுறதே இதுதான்."

அவள் ஒரு முட்டின் திருகைத் தளர்த்தினாள். அவர் பதறிப்போய், அத்தனை பெரிய படகுக்குத் தன் தோளைக் கொடுத்து நின்றார். முட்டு விலகியது. படகு அசையவே இல்லை. வெறுமையாகக் கிடந்த இடத்தில் அவள் நிதானமாகப் பூசினாள்.

"போதும், விடுங்க. அது பாட்டுக்கு நிக்குது."

அவர் மெல்ல விலகினார். சட்டையெல்லாம் சிவப்பு. ஈரப் பெயிண்டில் அவர் தோளின் அளவுக்கு ஓர் இடம் வெளுத்துத் தெரிந்தது.

"நான் பிடிக்கலைன்னா சாஞ்சிருக்கும்," என்றார்.

ஜெசிந்தா மறுக்கவில்லை. பிரஷைத் தோய்த்து அந்த இடத்தின் அருகே கொண்டுபோனாள்.  பிறகு அதைப் பூசாமலே, டப்பாவின் விளிம்பில் பிரஷை வழித்துவிட்டுக் கீழே வைத்தாள்.