காலி உறை

துப்பாக்கி முனையில் மாட்டும் பழைய பயனெட் கத்திகளுக்கு விலை சொல்வதில் அந்தப் பழம்பொருள் கடைக்காரர் கறார் பேர்வழி. கத்தியோடு வந்தால் ஒரு விலை. வெறும் உறைக்கு அடிமாட்டு விலைதான். தலை முழுக்க நரைத்த அந்தப் பெண்மணி கொண்டுவந்தது வெறும் உறை.

"எங்கப்பாவோடது தம்பி. நான் பிறக்குறதுக்கு முன்னாடியே சண்டைக்குப் போனவரு, திரும்பி வரவே இல்ல. பட்டாளத்துல இதை மட்டும்தான் அனுப்பி வச்சாங்க. போன மாசம் அம்மா சாகுற வரைக்கும் இது அவங்க தலைமாட்டுலயேதான் இருந்துச்சு."

கடைக்காரருக்கு மனசு இளகிவிட்டது. "இதே ரகத்துல கத்தி ஒண்ணு இருக்குக்கா. ஜோடி சேர்த்துட்டா நல்ல விலை போகும்" என்று எடுத்துவந்து செருகினார். ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை. அதே கத்தி வேறோர் உறைக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

காலி உறையைத் தராசில் வைத்தார். கத்தியும் உறையும் சேர்ந்தால் என்ன எடையோ, அந்த எடை இருந்தது.

"ஒரு உறையில ரெண்டு கத்தி இருக்காதுக்கா" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"அம்மா போன அன்னிக்கு விடியக்காலையில, அவங்க ரூம்ல 'டக்'குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு."

கத்தி உறைக்குள் முழுசாக இறங்கி உட்காரும் சத்தம் அவருக்குத் தெரியும்.

"இது ஜோடியாத்தான் இருக்கு. விக்காதீங்கக்கா."

அவள் உறையை மடியில் வைத்து வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

"நான் பக்கத்து ரூம்லதான் தம்பி படுத்திருந்தேன்" என்றாள். "வந்தவரு என்னை ஒரு தடவை எழுப்பியிருக்கலாம்."