ஆறாவது புழு

கெங்கம்மாவைத் திருடி என்றார் அப்பா. விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது, தீர்ப்பு மட்டும் இருந்தது.

காணாமல் போனது ஒரு பிளாஸ்டிக் புழு. விரல் நீளம், சிவப்பு நிறம், ரப்பர் மாதிரி துவளும். தூண்டிலில் கோத்துத் தண்ணீரில் இழுத்தால் உயிர் இருப்பது போல நெளியும். கப்பல் அதிகாரி ஒருவர் அமெரிக்காவிலிருந்து ஆறு கொண்டுவந்து அப்பாவுக்குப் பரிசாகக் கொடுத்திருந்தார்.

அப்பா கம்பெனி மேனேஜர். ஞாயிறு தவறாமல் எண்ணூர் முகத்துவாரத்தில், கம்பெனி படித்துறையில் நின்று தூண்டில் வீசுவார். புழு வந்து மூன்று ஞாயிறு ஆகிவிட்டது. மீன் ஒன்றும் மாட்டவில்லை. மாட்டியதெல்லாம் தண்ணீருக்கடியில் இருக்கும் சிப்பிப் பாறைதான்.

அன்றைக்கு இருபது கஜம் தள்ளி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கைத்தூண்டில் போட்ட மீனவக் குப்பத்துக் கெங்கம்மா, என் கை நீளத்துக்கு ஒரு கொடுவா மீனை இழுத்துப் போட்டாள். அதன் வாயில் சிவப்பாக ஏதோ ஆடியது.

அப்பா பெட்டியைத் திறந்து எண்ணினார்.

"ஐந்துதான் இருக்கு. நீலமேகம், அவளைக் கூப்பிடு."

கேட் காவல்காரன் நீலமேகம் ஓடினான். கெங்கம்மா மீனைத் தோளில் போட்டுக்கொண்டு சொட்டச் சொட்ட வந்து நின்றாள்.

"இன்னா தொரே?"

"என் பெட்டியில இருந்து எடுத்ததை வெச்சுட்டுப் போ. திருடி. நீலமேகம், நாளையிலேர்ந்து குப்பத்துப் பொம்பளைங்க யாரும் கம்பெனி வழியா வரக்கூடாது. சுத்திப் போகட்டும்."

சுற்றிப் போனால் மூன்று மைல். நாற்பது பெண்கள் அந்த வழியாக வந்துதான் முகத்துவாரத்தில் குந்தி, கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். தண்ணீர் ஏறுவதற்குள் பிடித்தால் உண்டு, இல்லாவிட்டால் அன்றைக்கு அடுப்பு இல்லை.

கெங்கம்மா பேச வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டேன். சட்டக் கல்லூரியில் இரண்டு வருஷம் உட்கார்ந்துவிட்டு வேடிக்கை பார்க்க என்னால் முடியாது.

"ஒருத்தி பண்ணினதுக்கு நாற்பது பேருக்குத் தண்டனையா? இது எந்த ஊர் நியாயம் அப்பா?"

"நீ சும்மா இரு."

"இருக்க மாட்டேன். அவங்க உங்க பெட்டியைத் தொட்டதை யார் பார்த்தா?"

"புழு என்ன, நடந்தா போச்சு?"

"காலையில பாறையில மாட்டித் தூண்டில் நரம்பு அறுந்துதே, மறந்துட்டீங்களா? அதுதான் உங்க ஆறாவது புழு. தண்ணியில நீங்க விட்ட பொருள். விட்டதை எடுத்தவங்க திருடி ஆக மாட்டாங்க."

அப்பா மறந்துதான் போயிருந்தார். முகத்தில் தெரிந்தது. ஆனாலும் விடவில்லை.

"எடுத்தா கொண்டுவந்து கொடுக்கணும் இல்லே?"

"ஏழைப்பட்டவங்க. கிடைச்சதை வெச்சு ஒரு மீன் பிடிச்சா உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"பாப்பா..." என்றாள் கெங்கம்மா.

"பயப்படாதீங்க. நான் பேசறேன்."

"அதில்ல பாப்பா..."

"பேசறேன்னு சொன்னேனே."

"அதான் பாப்பா உனக்கோசரம் மல்லுக்கு நிக்கிதே, நீ கம்முனு கெடயேம்மே" என்றான் நீலமேகம்.

கெங்கம்மா மீனைக் கீழே போட்டுவிட்டுக் கைகட்டி நின்றாள்.

நான் விடவில்லை. கடல் யாருக்குச் சொந்தம் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். கால் மணி நேரத்தில் அப்பா தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"சரி, வழியை மூடலை. புழுவை மட்டும் கொடுக்கச் சொல்லு."

ஜெயித்துவிட்டேன். "கொடுத்துடுங்க கெங்கம்மா" என்றேன். "வழி திறந்தாச்சு."

அவள் குனிந்து, கொடுவாவின் வாயிலிருந்து அதைக் கழற்றி அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

அப்பா பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"இது புழு இல்லையே. இறாலாச்சே."

இறால்தான். வளைந்த முதுகு, அகன்ற வால், ஓரத்தில் கத்தரியால் நறுக்கின கால்கள். வயிற்றுப் பக்கம் அச்சில் வார்த்த மாதிரி '28' என்று ஓர் எண்.

நீலமேகம் எட்டிப் பார்த்தான். "இருவத்தெட்டு இஞ்சு சைக்கிள் டியூப்பு தொரே. திருவொத்தியூர் மஜீது பாய் கடையில செவப்பு டியூப்பு தூக்கிப் போடுவாரு."

"தூண்டில் முள்ளைக் காணோமே?" அப்பா முதுகை அழுத்தினார். சட்டென்று கையை உதறினார். கட்டைவிரலில் ரத்தம்.

"முள்ளு ரப்பருக்குள்ள பதுங்கிக்கீது தொரே. பாறையில மாட்டாது. கொடுவா கடிச்சா மட்டும் வெளியே வரும்" என்றாள் கெங்கம்மா. "உங்க முள்ளு வெளிய நீட்டிக்கினு கீது, அதான் போற எடமெல்லாம் மாட்டுது. அதுவுமில்லாம, எங்கூரு கொடுவா அமெரிக்காப் புழுவை எங்க கண்டுது? அதுக்குத் தெரிஞ்சது எறாதான். இருவது வருசமா எறா தடவுற கை இது. அது எப்படி வளையும், எப்படித் துள்ளும்னு இந்தக் கைக்குத் தெரியாதா?"

அப்பா விரலைச் சப்பிக்கொண்டு அந்த இறாலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வேகம் வந்துவிட்டது. "நான் அப்பவே சொன்னேனே, இவங்க திருடலைன்னு. மன்னிப்புக் கேளுங்க அப்பா. திருடின்னு சொன்ன வாயால சொல்லுங்க."

கெங்கம்மா அப்பா கையிலிருந்து இறாலை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். மீனைத் தூக்கித் தோளில் போட்டாள். பார்த்தது அப்பாவை அல்ல, என்னை.

"அவரு நான் திருடுனேன்னாரு. நீ நான் பொறுக்குனேன்னே. நான் செஞ்சேன்னு ரெண்டு பேருக்குமே தோணலியே, பாப்பா."