ஊர் கூடி எழுதிய புகார்

ஒன்பது வருடமாக மாற்றல் கேட்டுக்கொண்டிருந்தாள், அந்தத் தீவின் ஒரே நர்ஸ். நகரத்தின் பணக்காரப் புறநகரில், வசதியான வீட்டில் கணவனும் மகளும் காத்திருந்தார்கள். ‘தீவு மக்கள் உங்களை விடமாட்டோம் என்கிறார்கள்’ என்றே ஒவ்வொரு முறையும் பதில் வந்தது.

இன்று உத்தரவு வந்துவிட்டது. கூடவே தீவு மக்களின் புகார் மனு: ‘நர்ஸ் எல்லோரிடமும் எரிந்து விழுகிறார். உடனே மாற்றவும்.’ கீழே முந்நூறு கையெழுத்து.

படகில் ஏறப்போனவள், மனுவைப் படகுக்காரரிடம் நீட்டினாள்.

“நான் என்ன குறை வச்சேன், அண்ணே?”

படகுக்காரர் தலை குனிந்தார்.

“குறையே இல்லம்மா. நாங்க புகழ்ந்து எழுதினதாலதானே உங்களை விடல? பொய் எழுத யாருக்கும் மனசு வரல. சீட்டுக் குலுக்கினோம், என் தலையில விழுந்துச்சு. கடவுள் மன்னிப்பார். பிள்ளைகிட்ட போங்க.”

படகில் ஒரு காலும் கரையில் ஒரு காலுமாக நின்றவளால், எந்தக் காலையும் எடுக்க முடியவில்லை.